பெயர் கொடுத்தவரும் பெயர் இழந்தவரும்

குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மையார் சிம் அட்டை வாங்கச் செல்கிறார் எனக் கொள்வோம். முதல் ரேகை பதியவில்லை என்று கூறி, விற்பவர் மீண்டும் விரலை வைக்கச் சொல்கிறார். இரண்டாம் ரேகையில் பிறந்த மற்றோர் அட்டை மோசடிக் கும்பலின் கைக்குப் போகிறது. காவலர் தேடி வருவதோ அம்மையாரின் லயன் வீட்டிற்கு!

அவர் குற்றவாளி அல்லர். பிறருடைய தனித்த அடையாளத்தை வஞ்சகமாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்துவோரையே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு தண்டிக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தத் தீய எண்ணத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை. 'நான் அறியேன்' என்பதே அம்மையாரின் எதிர்வாதம். காலந்தாழ்த்தாது கொடுத்த புகாரின் இரசீது அதற்கு வலுச்சேர்க்கும்.

2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட நீட் வழக்கு வேறு வகை. மாணவருக்காக மற்றொருவர் தேர்வெழுதினார் என்பது குற்றச்சாட்டு. பெயருக்குரியவரே இசைந்திருப்பின் அது திருட்டன்று, ஆள்மாறாட்டம். இந்தியத் தண்டனைச் சட்டம் 419ஆம் பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 319ஆம் பிரிவில் அதனை ஐந்தாண்டாக்கியது.

தரகுக்காசுக்குத் தம் வங்கிக் கணக்கை இரவல் தரும் மாணவர்கள் இன்று உள்ளனர். அறிந்தே கொடுத்தவர்க்கு அம்மையாரின் எதிர்வாதம் கிட்டாது.