ஈயமும் காரீயமும்: நீர்த் தூய்மை குறித்த மூன்று சொற்கள்

நீரில் கரைந்துள்ள காரீயத்தைத் தாவரப் பொருள்களைக் கொண்டு அகற்றும் முறை பலராலும் ஆராயப்பட்டு வருகின்றது. தேங்காய் ஓடு, நெல் உமி, முருங்கை விதை முதலியன இதற்குப் பயன்படுகின்றன. இம்முறையைத் தமிழில் விளக்க முற்படுவோர் மூன்று சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் படிப்பவரின் உடல்நலத்திற்கே ஊறு நேரக்கூடும்.

முதலாவது, 'ஈயம்' என்னும் சொல். 'பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல்', 'ஈயச் சொம்பு' என்னும் வழக்குகளில் இது வெள்ளீயத்தைக் குறிக்கின்றது. நீரை நஞ்சாக்குவதோ காரீயம். முன்னதன் அணு எண் 50. பின்னதன் அணு எண் 82. உரோமானியரான பிளினியும் இவ்விரு உலோகங்களை ஒரே பெயரால் சுட்டி, வெள்ளை, கருப்பு என்னும் அடைகளால் வேறுபடுத்தினார். 'ஈயம் நஞ்சு' என்று பொதுப்பட எழுதினால் தூய வெள்ளீயப் பூச்சும் ஐயத்திற்குள்ளாகும். 'ஈயம் தீங்கற்றது' என்றால் காரீயம் கலந்த சொம்பில் புளிரசம் கொதிக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்பது ஐ.எஸ். 10500 : 2012 தரவரையறை. அறிவியல் எழுத்தில் அடைமொழியை விடுதல் கூடாது.

இரண்டாவது, 'உறிஞ்சுதல்'. துணி நீரை உறிஞ்சுவதுபோல் உமி காரீயத்தை உள்ளிழுப்பதில்லை. தாவரப் பொருளின் புறப்பரப்பிலுள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் நேர்மின்னூட்டமுடைய காரீய அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே 'பரப்புக் கவர்ச்சி' என்பதே பொருத்தமான சொல்லாகும். செயல்முறையின் எல்லையையும் இச்சொல் உணர்த்துகின்றது. அமிலத்தன்மை மிகுந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடங்களுக்குப் போட்டியிடுவதால் கவர்ச்சி குறைகின்றது. பரப்பிலுள்ள இடங்கள் நிரம்பிவிட்டால் காரீயம் நீரிலேயே தங்கிவிடும். நிரம்பிய உமியைக் குப்பையில் எறிந்தால் நஞ்சு மண்ணைச் சேரும். நீர்த்த அமிலத்தால் கழுவினால் அவ்வமிலத்தில் சேரும். காரீயம் இடம் மாறுகின்றதேயன்றி அழிவதில்லை.

மூன்றாவது, 'தெளிவு'. கலங்கிய நீரை விதை கொண்டு தெளிவித்தல் நம் பழைய வழக்கம். கலித்தொகையில் இஃது உவமையாக ஆளப்பட்டுள்ளது. 'தேற்றா' என்னும் மரப்பெயரும் தெளிவித்தற் பொருளோடு இயைந்ததே. ஆயின் விதை தெளிவிப்பது மிதக்கும் துகள்களை ஒன்றுசேர்த்துப் படியச் செய்வதனால். அத்தெளிவைக் கொண்டு கரைந்த காரீயம் நீங்கியதெனக் கொள்ளுதல் இயலாது. கரைந்த காரீயத்திற்கு நிறமில்லை. பளிங்குபோன்ற நீரிலும் அது மறைந்திருக்கலாம். எனவே 'தெளிந்த நீர்', 'தூய நீர்' என்னும் தொடர்களை ஒருபொருட் சொற்களாக ஆளுதல் பிழையாகும்.

காரீயம், பரப்புக் கவர்ச்சி, தூய்மை ஆகிய மூன்றும் புதுச் சொற்கள் அல்ல. இருக்கும் சொற்களை அவற்றுக்குரிய பொருளில் ஆளுதலே இங்கு வேண்டப்படுவது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கின்றது என்பதை நோக்க, இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது புலனாகும்.