தலைமுடி கொட்டுகிறதா? மூன்று மாதத்துக்கு முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள்



"நர்சம்மா, தலை சீவினா சீப்பு பூரா முடி. ஆபரேஷன் பண்ணிக்கிட்டதாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க."

சேத்தியாத்தோப்பு வட்டாரக் கிராமங்களில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இப்படிச் சொல்வதுண்டு. இதைக் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்ணும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பயந்துவிடுகிறாள். ஆகவே உண்மை என்ன என்று தெரிந்துகொள்வோம்.

முடி எப்படி வளர்கிறது?

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நெல்லைப் போல ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுக்கும் பயிரல்ல முடி. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு 2, 3 மாதம் வளராமல் நின்று உதிரும். அதே இடத்தில் புதுமுடி முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கையே.

பிரசவத்துக்குப் பின் ஏன் கொட்டுகிறது?

கர்ப்ப காலத்தில் உடலில் ஹார்மோன்கள் அதிகம் சுரப்பதால் முடி அவ்வளவாக உதிராது. பின்னல் தடித்துத் தெரியும். பிரசவமானதும் ஹார்மோன் குறைகிறது. இத்தனை நாள் உதிராமல் இருந்த முடியெல்லாம் 2, 3 மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் கொட்டுகிறது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள் பெரியவர்கள். காலக்கணக்கு சரி, பிள்ளையின் சிரிப்பு காரணமல்ல. வேறு குறை இல்லாவிட்டால் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முடி பழையபடி வந்துவிடும்.

டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி, பெரும் துக்கம் ஆகியவற்றுக்குப் பிறகும் இதேபோல் 2, 3 மாதத்தில் முடி கொட்டும்.

அப்படியானால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்?

கருக்குழாயை மட்டுமே கட்டுகிறார்கள். சினைப்பையை எடுப்பதில்லை, ஹார்மோன் முன்போலவே சுரக்கிறது. பிரசவமான ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்வோர் பலர். பிரசவத்தால் கொட்டும் முடிக்கு ஆபரேஷன் மேல் பழி விழுகிறது. ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமியாலும் முடி கொட்டாது. கருத்தடை மாத்திரையைத் தொடங்கும்போதோ நிறுத்தும்போதோ சிலருக்குச் சில மாதம் முடி உதிரலாம். பயந்து நீங்களாக நிறுத்தாமல் நர்சம்மாவைக் கேளுங்கள்.

கொட்டுவது நிற்காவிட்டால் ரத்தத்தைப் பாருங்கள்

இரும்புச்சத்து குறைந்தாலும் முடி உதிரும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. வீராணம் பாசன வயல்களில் விடியுமுன்னே நடவுக்கு இறங்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு, மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! அடுத்தடுத்த பிரசவம், மாதவிலக்கில் அதிகப் போக்கு, வெறுங்காலில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு ஆகியவையும் ரத்தத்தைக் குறைக்கும்.

கண் இமையின் உட்புறம் வெளுத்தல், அசதி, நடந்தால் மூச்சு வாங்குதல் இதன் அறிகுறிகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11.

சிகிச்சை என்ன?

கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று சாப்பிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுப்படி சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை, மீன் சேருங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள்.

எண்ணெய் முடியை மிருதுவாக்கும், ரத்தசோகையைத் தீர்க்காது. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். நெற்றியோரம் இழுத்து இறுக்கிப் பின்னுவதை விடுங்கள். அங்கே முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

• ஒரு வருடமாகியும் முடி உதிர்வது நிற்காவிட்டால்
• வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் (புழுவெட்டு)
• வகிடு வரவர அகலமானால்
• மாதவிலக்கு தவறி, முகத்தில் முடி வளர்ந்தால்
• உடம்பு பருத்து, குளிர் தாங்காமல், கழுத்து வீங்கினால் (தைராய்டு)

இவற்றுக்கெல்லாம் தனித்தனி சிகிச்சை உண்டு. முடி வளர்க்கும் மருந்தை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தடவக்கூடாத மருந்துகள் உண்டு.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

"என்னடி, தலை வழுக்கையாயிடுச்சு" என்று கேலி பேசாதீர்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் 3 வருடமாவது இடைவெளி விடுங்கள். இழந்த ரத்தம் ஊற அவள் உடம்புக்கு அவகாசம் வேண்டும்.

உதிர்ந்த முடி திரும்ப முளைக்கும். ரத்தசோகையோடு அடுத்த பிரசவத்துக்குப் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. சீப்பைப் பார்த்துக் கலங்காதீர்கள், ரத்தத்தைப் பரிசோதியுங்கள்!