காட்சியும் சாட்சியும்

கண்கள் திறந்திருக்க, மனம் மட்டும் சுற்றுப்புறத்தை மறந்து வேறொன்றில் ஆழ்ந்துவிடும் நிலையைப் பரவசநிலை என்பர். அந்நிலையில் ஒருவர் காண்பதைப் பிறர் காண இயலாது. அப்படியாயின் அது மெய்யா, மனமயக்கமா என்று அறிவது எவ்வாறு?

பிரான்சு நாட்டின் லூர்து நகரில் எழுந்த கேள்வியும் இதுவே. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, பெர்னதெத் என்னும் 14 வயது ஏழைச் சிறுமி அன்னை மரியாளின் காட்சியை 18 முறை கண்டாள். கூடி நின்றோர் கண்டதோ ஒளிவீசிய அவளது முகத்தை மட்டுமே! காவல்துறை அதிகாரி அவளை விசாரித்து, அவள் கூறியதை மாற்றி வாசித்துக் காட்டினார். அவள் அஞ்சாமல் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பரிசோதித்த மருத்துவர் மூவர் மனமயக்கமாக இருக்கலாம் எனக் கருதினரேயன்றி, ஏமாற்றுகிறாள் எனக் கூறவில்லை. மக்கள் தந்த பணத்தையும் அவள் ஏற்கவில்லை.

அவ்வாண்டே வேறு பலரும் காட்சி கண்டதாகக் கூறிக் கிளம்பினர். ஆகவே ஆயர் லோரான்ஸ் அவசரப்படவில்லை. குழு அமைத்து ஆராய்ந்தார். பெர்னதெத்தின் நேர்மை, நோயாளிகள் பெற்ற நலம், மக்களிடம் வளர்ந்த பக்தி ஆகியவற்றைச் சீர்தூக்கி, 1862 ஜனவரி 18இல்தான் அவள் கண்ட காட்சியை ஏற்றார். மற்றவர்களுடையதை ஏற்கவில்லை.

1866இல் நெவேர் கன்னியர் மடம் சேர்ந்த பெர்னதெத், நோயாளிகளுக்குப் பணிபுரிந்து, தாமும் நோயுற்று, 1879இல் 35ஆம் வயதில் மறைந்தார். 1933இல் புனிதர் பட்டம் பெற்றார்.

தோழியரே, இத்தகைய தனிக் காட்சிகளை நம்பும்படி திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒருவர் கண்ட காட்சியை நாம் காண முடியாது. அவர் வாழும் வாழ்வைக் காணலாம். அதுவே சாட்சி.