கையெழுத்திடும் முன் ஒரு கணம்: 'குட் பேர்கர்' திரைப்படம் பற்றிய ஒரு பார்வை

பாடசாலை விடுமுறை தொடங்கிய முதல் நாளே, பதின்ம வயதுப் பையனொருவன் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தாயாரின் காரை எடுத்துச் செல்கிறான். வழியில் தன் ஆசிரியரின் காரோடு மோதிவிடுகிறான். ஆசிரியர் நட்டஈடு கேட்கிறார். தாயாருக்குத் தெரியாமல் கடனை அடைக்க அவன் வேலை தேடிப் புறப்படுகிறான்.

1997 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான 'குட் பேர்கர்' என்ற நகைச்சுவைப் படத்தின் கதை இப்படித்தான் நகரத் தொடங்குகிறது. 1994 இல் நிக்கலோடியன் தொலைக்காட்சி ஆரம்பித்த 'ஒல் தட்' நிகழ்ச்சியில் இடம்பெற்ற சிறு நாடகமே பின்னர் முழுநீளப் படமாகியது. பிரயன் ரொபின்ஸ் இயக்கினார். கடன்பட்ட டெக்ஸ்டராகக் கெனன் தொம்சனும், உணவகத்துக் காசாளர் எட் ஆகக் கெல் மிச்செலும் நடித்தனர். இருவருமே கறுப்பின இளைஞர்கள்.

வீதியின் ஒரு பக்கத்தில் சிறிய, பழைய 'குட் பேர்கர்' கடை. எதிரே பளபளக்கும் புதிய 'மொண்டோ பேர்கர்'. பெரிய கடையில் டெக்ஸ்டரால் நிலைக்க முடியவில்லை. சிறிய கடைக்கு வருகிறான். அங்கே வெள்ளை மனம் கொண்ட எட் தன் கைப்பக்குவத்தில் செய்த சோஸ் ஊரையே இழுக்கிறது. மொண்டோ முதலாளி கேர்ட்டோ சட்டவிரோத இரசாயனமொன்றைச் சேர்த்து இறைச்சியை ஊதிப் பெருக்க வைக்கிறான். அந்த இறைச்சியை நாய் கூடத் தீண்டாமல் விலகும்போது நண்பர்களுக்கு ஐயம் எழுகிறது. முடிவில் மொண்டோவின் கூரையே சிதறுகிறது, கேர்ட் கைதாகிறான்.

நண்பன் நீட்டிய தாள்

பார்ப்பவர்கள் கேர்ட்டைத்தான் வில்லன் என்பார்கள். ஆனால் எட்டின் உழைப்பை முதலில் சுரண்டுபவன் அவனுடைய நண்பனே. எட்டின் சோஸுக்குக் கிடைக்கும் மேலதிகப் பணத்தில் பெரும்பங்கைத் தனக்கு எழுதித் தரும் ஒப்பந்தமொன்றை டெக்ஸ்டர் நீட்டுகிறான். எட் விளங்காமலே கையெழுத்திடுகிறான். உடன் வேலை செய்யும் மொனிக் என்ற பெண்ணே இதை அறிந்து கோபப்படுகிறாள். டெக்ஸ்டர் தன் தவறை உணர்ந்து இறுதியில் ஒப்பந்தத்தைக் கைவிடுகிறான்.

சிரிப்புக்கு நடுவே வந்துபோகும் இந்தப் பகுதியே படத்தின் உயிர்நாடி எனலாம். நம்பிக்கை உள்ள இடத்தில்தான் நாம் வாசிக்காமல் ஒப்பமிடுகிறோம். 2023 நவம்பரில் வெளியான இரண்டாம் பாகத்திலும் கதை ஒரு கையெழுத்தையே சுற்றுகிறது. இம்முறை எட்டின் கடையே ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போகிறது. ஊழியர்களின் இடத்தில் இயந்திர மனிதர்களை நிறுத்தத் திட்டமிடப்படுகிறது.

படம் சொல்லாதவை

அமெரிக்க இளைஞர் பலருக்கு முதல் சம்பளம் கிடைப்பது இத்தகைய உணவகங்களில்தான். படம் வந்த ஆண்டின் செப்டம்பரில் அந்நாட்டின் மத்திய அரசு நிர்ணயித்த ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 5.15 டொலராக உயர்ந்தது. ஆயினும் 20 வயதுக்குட்பட்டோருக்கு முதல் 90 நாட்களுக்கு 4.25 டொலர் மட்டும் கொடுக்கச் சட்டம் இடமளித்தது. மத்திய அரசின் கூலி 2009 ஜூலை முதல் 7.25 டொலரிலேயே நிற்கிறது.

மாற்றம் தானாக வரவில்லை. 2012 நவம்பரில் நியூயோர்க் நகரத் துரித உணவகத் தொழிலாளர்கள் 15 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். போராட்டம் பல நகரங்களுக்கும் பரவியது. கலிபோர்னியாவில் பெரிய துரித உணவக நிறுவனங்களின் ஊழியருக்கு 2024 ஏப்ரல் முதல் 20 டொலர் கூலி நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அங்கே சட்டம் உண்டு. 16 வயதுக்குட்பட்டவர் பாடசாலை நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. 18 வயதுக்குட்பட்டவர் மின்சார இறைச்சி அரைக்கும் இயந்திரத்தை இயக்கக்கூடாது. பராயமடையாதவர் செய்த ஒப்பந்தத்திலிருந்து அவர் பொதுவாக விலகிக்கொள்ளவும் முடியும். ஆனால் இவை தெரிந்திருந்தால்தானே பயன்?

குறைகளும் உண்டு

சோஸின் இரகசியத்தைக் கறந்தெடுக்க ஓர் அழகிய பெண்ணைத் தூண்டிலாக அனுப்புவதும், மனநல மருத்துவமனையில் இருப்பவர்களைச் சிரிப்புப் பொருளாக்குவதும் ஏற்கத்தக்கவை அல்ல. பிள்ளைகளோடு இருந்து பார்க்கும் தாய்மார் இவ்விடங்களைப் பேசாமல் கடந்துவிடக்கூடாது.

அன்புச் சகோதரிகளே, வளர்ந்த பிள்ளை முதல் வேலைக்குப் புறப்படும்போது நல்ல உடுப்பும் சாப்பாட்டுப் பொதியும் கொடுத்து அனுப்புகிறோம். அதோடு நான்கு கேள்விகளையும் சொல்லி அனுப்புவோம். மணித்தியாலத்துக்கு எவ்வளவு? எத்தனை மணி வரை? சம்பளத்திலிருந்து எதைக் கழிப்பார்கள்? நான் ஒப்பமிடும் தாளின் பிரதியொன்று எனக்குக் கிடைக்குமா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தாளை நீட்டுபவர் நண்பராகவோ உறவினராகவோ இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். எட்டிடம் திறமை இருந்தது, நல்ல மனமும் இருந்தது. இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.