வீட்டுக் குப்பைக்கு அபராதம்: எதற்கு, எவ்வளவு, எப்படித் தவிர்ப்பது?

தெருவில் குப்பை போட்டால் அபராதம் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பலருக்கும் முதலில் வருவது கோபம்தான். "வரியும் கட்டுறோம், இதுக்கும் தண்டமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று தெரிந்துகொண்டால், அதைக் கட்ட வேண்டிய நிலையே உங்களுக்கு வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரிக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே கொடுத்தன. காய்கறித் தோல், மீந்த சோறு, வாழை இலை எல்லாம் மக்கும் குப்பை. பால் கவர், பாட்டில், அட்டை போன்றவை உலர் குப்பை. பழைய பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து ஆகியவை தீங்கு தரும் குப்பை. இவற்றைத் தனித்தனியாக வைத்து, வீட்டு வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தாளில் நன்றாகச் சுற்றித் தர வேண்டும். இடித்த செங்கல், சிமென்ட் கழிவைத் தெருவோரம் கொட்டாமல் உங்கள் இடத்திலேயே தனியாக வைத்திருக்க வேண்டும்.

தெரு, பொது இடம், சாக்கடை, நீர்நிலை எதிலும் குப்பையைப் போடவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது என்பது விதி. மீறினால் உடனடி அபராதம். தொகையை அந்தந்த உள்ளாட்சி அமைப்பு தன் துணை விதிகளில் நிர்ணயிக்கும். அதனால் ஊருக்கு ஊர் தொகை மாறும். குப்பை எரிப்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவுப்படி, திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய். பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய்.

வீட்டில் விசேஷமா? 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பந்தி முடிந்த இலையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

தஞ்சாவூரில் இது ஏன் முக்கியம்?

நம்ம ஊரில் குப்பை போட்ட இடத்திலேயே கிடப்பதில்லை. தஞ்சாவூர் நகருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயை, அதாவது நம்ம புது ஆற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கோடையில் அது காய்ந்து கிடக்கும்போது கரையோரம் மூட்டை மூட்டையாகக் குப்பை விழுகிறது. ஜூன் 12 மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள். அடுத்த சில நாளில் கல்லணையும் திறக்கப்படும்போது, விழுந்ததெல்லாம் தண்ணீரோடு கிளம்பிவிடும். பாலிதீன் பை போய் மதகில் அடைக்கும், கிளை வாய்க்காலில் சிக்கும். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் குப்பை வந்து சேரும். தூர்வாரச் செலவழித்த பணமும் வீண். அபராதத் தொகையை இந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"வண்டியே வரலைன்னா என்ன செய்றது?"

விதிகள் உங்களை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. வீடு வீடாக வந்து, பிரித்த குப்பையைப் பிரித்தபடியே சேகரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. வண்டி வரவில்லை என்றாலோ, நீங்கள் பிரித்துக் கொடுத்ததை ஒன்றாகக் கலந்து கொட்டினாலோ, உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மக்கும் குப்பை இரண்டு நாள் தங்கினால் நாறும் என்பது உண்மைதான். ஒரு மண் தொட்டியில் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணோ காய்ந்த சருகோ தூவி வந்தால் நாற்றம் குறையும். நாளடைவில் செடிக்கு உரமும் கிடைக்கும்.

அபராதம் விதிக்கப்பட்டால், என்ன விதிமீறல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

இன்றைக்கே அடுப்படியில் இரண்டு வாளி, அலமாரியில் பேட்டரிக்கும் பல்புக்கும் ஒரு பழைய டப்பா வைத்துவிடுங்கள். அபராதத்தைத் தவிர்க்க அது உதவும்.