பொல்லடிக்கு ஒரு கழகம்

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கல்யாண வீடுகளைக் கலகலப்பாக்கிய கலை பொல்லடி. ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார் பாட, ஆடுவோர் வட்டமாகச் சுழன்று கம்போடு கம்பு தட்டுவார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தொகுத்ததால் பாட்டு ஏட்டில் தங்கும். ஆனால் தாளமும் அடவும் கைமாறினால்தான் பிழைக்கும். அதற்கு வாராவாரம் கூடிப் பழகும், இலாப நோக்கற்ற கழகம் ஊருக்கொன்று வேண்டும்.

விழா மேடைகள் போதாவா என்பார்கள். மேடை தேர்ந்தவரைக் காட்டும், புதியவரைப் பழக்காது. பணமும் பெரிய தடையல்ல: வேண்டியவை கம்புகள், ஒரு முற்றம், அண்ணாவியாருக்கு ஒழுங்கான சன்மானம். உறுப்பினர் சந்தா இதைத் தாங்கும். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்தால் நம்பிக்கை வளரும். மார்க்கத்துக்கு ஒவ்வுமா என்று தயங்கும் பெரியவர்களை நிர்வாகத்தில் சேர்த்து, பாடல்களை அவர்களோடு கலந்து தெரிவு செய்யலாம். ஒதுங்கி நிற்பவரையும் உள்ளே அழைக்கும் கழகமே நிலைக்கும்.