நீர் இறைக்கும் இயந்திரம் நின்றால்: திருத்தச் செலவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

வலிகாமத்துச் செம்மண்ணிலும் கற்பிட்டி மணற்றரையிலும் வெங்காயமும் மிளகாயும் செய்கை பண்ணும் கமக்காரர்க்கு நீர் இறைக்கும் இயந்திரம் இன்றியமையாதது. துலாவும் சூத்திரமும் மறைந்துவிட்ட இந்நாளில் இயந்திரம் ஒரு கிழமை நின்றால் இறைப்பும் ஒரு கிழமை நிற்கும். வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. குமிழ் பருக்கும் காலத்தில் நீர் தவறினால், பின்னர் எவ்வளவு இறைத்தாலும் அந்த இழப்பை முற்றாக ஈடுசெய்ய இயலாது.

ஆதலின், இயந்திரம் நின்றதும் கமக்காரர் கலங்குவது இயல்பே. கலக்கத்தில் அதனைக் கராஜுக்குக் கொண்டு சென்று, எப்படியாவது ஓடச் செய்து தருமாறு ஒப்படைத்து விடுகின்றனர். எஞ்சின் கழற்றப்படுகிறது, பிஸ்டன், றிங், சிலிண்டர் என்று செலவு ஏறுகிறது. உண்மைப் பழுதோ, சில வேளைகளில் தூசி அடைத்த ஒரு சிறு துவாரமாகவும், கரி படிந்த ஒரு பிளக்காகவும் இருந்துவிடுகிறது.

புதிய மோட்டார் வண்டிகளில், எஞ்சினில் குறை நேர்ந்தால் ஓட்டுநரின் முன்னே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அவ்விளக்கு ‘குறை உண்டு’ என்று மட்டுமே கூறும்; எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று கூறாது. பெற்றோல் தாங்கியின் மூடியைச் சரியாக இறுக்காவிடினும் அது எரிவதுண்டு. சிறிய நீர் இறைக்கும் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அவ்விளக்கும் இல்லை. ஆயினும் அதன் ஒலி, புகை, பிளக்கின் நிறம், கயிற்றை இழுக்கும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பு ஆகியவை விளக்கைவிடத் தெளிவாகப் பேசும். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ள வேலையை இறுதியிலும் வைத்துக்கொள்வதே இதன் முறை.

முதற் கேள்வி

இயந்திரத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று எஞ்சின்; மற்றையது நீரை உறிஞ்சித் தள்ளும் பம்பி. எஞ்சின் ஓடியும் நீர் வரவில்லையா, அன்றி எஞ்சினே ஓடவில்லையா என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்க. எஞ்சின் நன்றாக ஓடுமாயின் அதனைக் கழற்ற எவருக்கும் இடங்கொடுக்க வேண்டியதில்லை.

அ. எஞ்சின் ஓடுகிறது, நீர் வரவில்லை

1. பம்பியினுள் நீர் நிரம்பியுள்ளதா எனப் பார்க்க. நீர் ஊற்றாமல் வெறுமையாக ஓட்டினால் நீர் ஏறாது. அன்றியும் உள்ளிருக்கும் சீல் சில நிமிடங்களிலேயே சூடேறிக் கெட்டுவிடும்.

2. பம்பியையும் உறிஞ்சு குழாயையும் வாய்வரை நீரால் நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருக்க. நீர்மட்டம் இறங்கினால் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு இறுக மூடவில்லை, அல்லது குழாயில் எங்கோ ஒழுக்கு உண்டு. புட்வால்வில் சிறு கல்லோ இலைத்துண்டோ சிக்கியிருக்கக் கூடும். கழற்றிக் கழுவி, தோல் அல்லது இறப்பர் தேய்ந்திருந்தால் அதனை மட்டும் மாற்றுக.

3. நீர்மட்டம் இறங்கவில்லை, ஆயினும் நீர் ஏறவில்லை எனின், உறிஞ்சு குழாயின் பொருத்துகளில் காற்றுப் புகுகின்றதா எனச் சோதிக்க. நீர் ஒழுகாத வெடிப்பினூடாகவும் காற்று உட்செல்லும். இயந்திரம் ஓடும்போது ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரையைத் தடவுக. நுரை உள்ளே இழுபடும் இடமே பழுதுள்ள இடம். சைக்கிள் ரியூப் இறப்பரைச் சுற்றி இறுகக் கட்டினால் அன்றைய இறைப்பு நடந்துவிடும்.

4. கிணற்று நீரின் மட்டத்தை அளக்க. பம்பி நீரைத் தானே இழுப்பதில்லை. வளிமண்டல அமுக்கமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வமுக்கம் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 10.3 மீற்றர் உயர நீரையே தாங்கும். நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. கல் கட்டிய கயிற்றைப் பம்பியின் நடுமட்டத்திலிருந்து நீர்வரை செங்குத்தாக இறக்கி அளந்து பார்க்க. மாரியில் நன்றாக இறைத்த இயந்திரம் ஆவணி, புரட்டாதியில் இறைக்காவிடின் பழுது இயந்திரத்தில் இல்லை. நீர்மட்டம் தாழ்ந்ததே காரணமாகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீர்மட்டம் தாழ்ந்ததென்று எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுள் அது தேங்கி நின்று, இறங்கினவரையும், அவரைக் காப்பாற்றப் பின்னே இறங்குபவரையும் கொன்றுவிடும். நீர் மிகத் தாழ்ந்தவிடத்து மின்சார நீர்மூழ்கிப் பம்பியைப் பற்றி ஆலோசிக்கலாம். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடலோரப் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும் என்பதையும் மறத்தல் கூடாது.

5. நீர் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது எனின், அடிச்சல்லடையில் பாசி படிந்துள்ளதா, பம்பியின் உள்ளே சுழலும் சக்கரத்தில் குப்பை சிக்கியுள்ளதா என நோக்குக. பம்பியும் எஞ்சினும் இணையும் இடத்தில் நீர் சொட்டினால் சீல் கெட்டுள்ளது. அது பம்பியின் வேலை. எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை.

ஆ. எஞ்சின் ஓட மறுக்கிறது

பின்வரும் ஒழுங்கிலேயே சோதித்தல் நன்று.

1. ஆளியும் எண்ணெயும்: நிறுத்தும் ஆளி ‘ஓடும்’ நிலையில் உள்ளதா எனப் பார்க்க. அடுத்து, இயந்திரத்தை மட்டமான தரையில் வைத்து எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்க. எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானாகவே நிறுத்திவிடும் அமைப்புப் பல எஞ்சின்களில் உண்டு. எஞ்சினைக் காப்பதற்கென வைத்த இவ்வமைப்பை அறியாதார், கொயில் எரிந்துவிட்டதென்று எண்ணிப் பணம் செலவிடுகின்றனர். இயந்திரம் சாய்ந்து நின்றாலும் இவ்வாறு நேரும்.

2. எரிபொருள்: காபரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, வரும் எரிபொருளை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடிக்க. எஞ்சின் ஆறியிருத்தல் வேண்டும். அருகில் சுருட்டோ விளக்கோ இருத்தல் ஆகாது. எரிபொருள் தொடர்ந்து வராவிடின் குழாயோ சல்லடையோ அடைபட்டுள்ளது. போத்தலின் அடியில் நீர் தனியே தங்கினால் தாங்கி முழுவதையும் வெறுமையாக்கிச் சுத்தஞ் செய்க. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்திற் போலப் பெற்றோலை நெடுநாள் சேமித்து வைத்தால், அது பிசினாகி நுண்துவாரங்களை அடைத்துவிடும்.

எஞ்சின் சிறிது நேரம் ஓடிப் பின் நிற்குமாயின், தாங்கியின் மூடியைத் தளர்த்துக. காற்று உட்செல்லும் ஒலி கேட்டு, எஞ்சின் மீண்டும் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துவாரமே அடைபட்டுள்ளது. ஒரு குண்டூசியால் தீர்ந்துவிடும் பழுது இது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றல் வேண்டும். முதல்நாள் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருந்தால் காபரேற்றரில் அதுவே நிற்கும். குளிர்ந்த எஞ்சின் அதனாற் பற்றாது. அதனை வடித்துப் பெற்றோல் வரச் செய்து பின் கயிற்றை இழுக்க. நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டினால் இத்தொல்லை இல்லை.

3. பிளக்: கயிற்றைப் பலமுறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க.

உலர்ந்திருந்தால், எரிபொருள் வந்து சேரவில்லை.
எரிபொருளால் நனைந்திருந்தால், தீப்பொறி இல்லை, அல்லது சோக் மிகுதியாகப் பயன்பட்டது.
உலர்ந்த கரி படிந்திருந்தால், காற்றுச் சல்லடை அடைபட்டுள்ளது, அல்லது எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது.
எஞ்சின் எண்ணெயால் நனைந்திருந்தால், எண்ணெய் மேலே ஏறுகிறது.
இளங் கபில நிறமாயிருந்தால், எரிதல் நன்றாக நடைபெறுகிறது.

பிளக்கைத் துப்புரவு செய்து, இடைவெளியைச் சரிப்படுத்துக. பல சிறு எஞ்சின்களுக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். இயன்றால் அதே இலக்கமுடைய புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்த்தல் நன்று.

தீப்பொறி அறவே இல்லையெனின், நிறுத்தும் ஆளிக்கும் எண்ணெய் ஆளிக்கும் செல்லும் கம்பிகளைத் தற்காலிகமாகக் கழற்றிச் சோதிக்க. அப்போது பொறி வந்தால் கொயில் நலமாயுள்ளது. பழுது ஆளியிலோ கம்பியிலோ உள்ளது. சோதனை முடிந்ததும் கம்பிகளை மீண்டும் பூட்டிவிடல் வேண்டும்.

4. காற்றுச் சல்லடை: செம்மண் தூசி இதன் பெரும் பகை. கழற்றிக் கழுவி உலர்த்துக. சல்லடையின்றி ஓட்டிப் பழகுதல் சிலிண்டரை அரத்தால் அராவுவதற்கு ஒப்பாகும்.

5. அமுக்கம்: மேற்கூறியன யாவும் சரியாயிருந்தும் எஞ்சின் பற்றாவிடின், ஆளியை நிறுத்தி வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்க. எதிர்ப்பு மிகக் குறைந்து கயிறு இலகுவாக வந்தால் அமுக்கம் போதாது. பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, பிளக்கைப் பூட்டி, மீண்டும் இழுக்க. எதிர்ப்புத் தெளிவாக அதிகரித்தால் றிங்கோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. வேறுபாடு இல்லையெனின் வால்வு, அல்லது ஹெட் காஸ்கற் பற்றி ஐயுறலாம். வால்வின் இடைவெளியைச் சரிப்படுத்துவதால் மட்டுமே தீரும் பழுதுகளும் உண்டு. எனவே சிலிண்டர் வேலைக்கு உடன்படுமுன் இதனைக் கேட்டறிக.

புகையின் நிறம்

கறுத்த புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். சல்லடையையும் சோக்கையும் பார்த்தாற் போதும். நீலம் கலந்த வெண்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். இதனைக் கண்டதும் ‘றிங் போய்விட்டது’ என்று முடிவு செய்தல் வழக்கம். அதற்குமுன், எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டுள்ளதா, இயந்திரம் சாய்த்துக் கொண்டுவரப்பட்டதா என்று பார்க்க. மண்ணெண்ணெய் எஞ்சினாயின் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எண்ணெயோடு கலந்து, அதன் மட்டத்தை உயர்த்தும். எண்ணெய் நீர்த்து மண்ணெண்ணெய் மணம் வீசும். அவ்வெண்ணெயை முழுதும் வடித்துப் புதிதாக விட்டு ஓட்டிப் பார்த்து, புகை நில்லாவிடின் மாத்திரம் மேற்கொண்டு யோசிக்க.

மெக்கானிக்கிடம் செல்லும்போது

சோதித்தவற்றையும் கண்டவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. ‘ஓடவில்லை’ என்பதிலும், ‘பொறி உண்டு, பெற்றோல் வருகிறது, எண்ணெய் விட்டபின் அமுக்கம் கூடியது’ என்பது மெக்கானிக்குக்கும் பெரிதும் உதவும். நல்ல தொழிலாளர் இவ்வாறு சொல்லக் கேட்டால் மகிழ்வரேயன்றிச் சினவார். எந்தச் சோதனையால் அந்த உறுப்புப் பழுதென அறிந்தீர்கள் என்று பணிவுடன் கேட்க. செலவின் மதிப்பை முன்னரே அறிந்துகொள்க. மாற்றிய பழைய உறுப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்க.

எஞ்சினுள்ளே உலோகம் மோதும் ஒலி கேட்டாலும், கயிறு அசையாது இறுகிவிட்டாலும், மேற்கொண்டு இழுக்காது உடனே மெக்கானிக்கிடம் காட்டுக. அங்கே தாமதம் செலவைப் பெருக்கும்.

வருமுன் காத்தல்

புதிய எஞ்சினில் முதல் 20 மணி ஓட்டத்தின் பின்னும், அதன்மேல் 100 மணிக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுதல் பல சிறு எஞ்சின்களுக்குப் பொருந்தும். மண்ணெண்ணெயில் ஓடுபவற்றுக்கு இதனை இன்னும் விரைவாகச் செய்தல் வேண்டும். ஓடிய மணிகளைக் கிணற்றடிக் கொட்டிலின் சுவரில் கரிக்கட்டியால் குறித்து வைத்தாலும் போதுமானது. இறைப்பு முடிந்து இயந்திரத்தை ஒதுக்கி வைக்கும்போது, தாங்கியையும் காபரேற்றரையும் வடித்து வைக்க.

ஒரு புதிய பிளக், ஒரு புட்வால்வு இறப்பர், ஒரு ஸ்பனர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு கிணற்றடியிலும் இருக்கத்தக்கன. இவை இருந்து, மேற்கூறிய ஒழுங்கும் நினைவிலிருந்தால், பல பழுதுகளை அன்று காலையிலேயே தீர்த்து, மாலையில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சலாம். தீராத பழுதுக்கும், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுக்கலாம். ஐயம் நேரின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.